சிலியா துடிப்பை எப்படி அளக்கிறார்கள், எண்ணினால் மட்டும் போதுமா?

சளி பிடித்தால் ஒரு வாரத்தில் போய்விடும் என்று எல்லோரும் சொல்வோம், பெரும்பாலும் போய்விடவும் செய்யும். சில குழந்தைகளுக்கு மட்டும் போவதே இல்லை. பிறந்த கொஞ்ச நாளிலேயே மூக்கு ஒழுக ஆரம்பித்து, வெயில் மழை பனி என்று பார்க்காமல் வருடம் முழுக்க ஒழுகிக்கொண்டே இருக்கும், இருமினால் நெஞ்சுக்குள் கரகரவென்று கோழை சத்தம் கேட்கும், காதுக்குள் நீர் கோத்துக்கொண்டு காது மந்தமாகும். அலர்ஜி என்பார்கள், ஆஸ்துமா என்பார்கள், வளர்ந்தால் சரியாகிவிடும் என்பார்கள். பல பேருக்கு அது உண்மையாகவும் இருக்கும். மிச்சமிருக்கும் ஒரு சிறிய கூட்டத்துக்குச் சளியைப் பார்த்தால் பதில் கிடைக்காது, அந்தச் சளியைத் தள்ளிக்கொண்டு போகிற சாதனத்தைப் பார்க்க வேண்டும். அந்தச் சாதனத்தின் பெயர்தான் சிலியா. பாடப்புத்தகத்தில் குறு இழைகள் என்று படித்திருப்போம்.

மூக்கின் உள்பக்கம், மூச்சுக்குழல், அதிலிருந்து நுரையீரலுக்குள் பிரிந்து போகும் கிளைக்குழல்கள், இவற்றின் உள்சுவரில் இருக்கும் செல்களின் தலையில் மயிர் மாதிரி நீட்டிக்கொண்டிருப்பவை இவை. ஒரு செல்லில் சுமார் 200 இருக்கும். நீளம் 6 அல்லது 7 மைக்ரோமீட்டர். தலைமுடி ஒன்றின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் தடிமனில், நீளத்தில் இல்லை. இவ்வளவு சின்னது நொடிக்குப் பத்துப் பதினைந்து முறை முன்னும் பின்னும் அடித்துக்கொண்டே இருக்கிறது. நாம் தூங்கும்போதும் ஓய்வு கிடையாது.

இந்த அடியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மூச்சுப்பாதையின் சுவரை ஒட்டி நீர்த்த ஒரு திரவம், அதற்கு மேலே பிசுபிசுப்பான கோழை, இப்படி இரண்டு அடுக்கு. முன்னால் வீசும்போது சிலியா நிமிர்ந்து நின்று, நுனியால் மேலடுக்குக் கோழையைத் தொட்டுத் தள்ளும். திரும்பும்போது வளைந்து, கீழே இருக்கும் நீர்த்த திரவத்துக்குள்ளேயே பதுங்கி வரும். படகில் துடுப்புப் போடுகிறவர் முன்னால் இழுக்கும்போது தண்ணீருக்குள் இழுத்துவிட்டு, திரும்பக் கொண்டுவரும்போது மேலே தூக்கிக்கொள்வார் இல்லையா, கிட்டத்தட்ட அதே தந்திரம்தான், மேல் கீழ் மட்டும் மாறியிருக்கிறது. போகும்போதும் வரும்போதும் ஒரே மாதிரி அடித்தால் கோழை நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும். பக்கத்துப் பக்கத்துச் சிலியாக்கள் ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கொஞ்சம் தாமதித்து அடிப்பதால் மேலிருந்து பார்த்தால் காற்றடிக்கும் நெல்வயல் மாதிரி அலை ஓடும். அந்த அலையில் ஏறித்தான் தூசி, கிருமி, புகைக்கரி எல்லாம் கோழையோடு ஒட்டிக்கொண்டு நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் தொண்டைக்குப் போய்ச் சேருகின்றன. அங்கே நமக்குத் தெரியாமலேயே விழுங்கிவிடுகிறோம். கேட்க ஒரு மாதிரி இருக்கும், ஆனால் இப்போது இதைப் படிக்கும்போதும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

இந்த வேலை பிறவியிலேயே கெட்டுப்போயிருக்கும் நோய்க்கு பிரைமரி சிலியரி டிஸ்கைனீசியா என்று பெயர். சுருக்கமாக பி.சி.டி. மரபணு வழியாக வருவது, பெரும்பாலும் அப்பா அம்மா இருவரிடமிருந்தும் கோளாறான பிரதி வந்தால்தான் வரும். அரிதான நோய்தான், சுமார் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்கிற அளவில் மதிப்பிடுகிறார்கள். ஆனால் அறிகுறிகள் எல்லாமே சாதாரணச் சளியின் அறிகுறிகள் என்பதால் பல வருடம் யாரும் சந்தேகப்படுவதே இல்லை. அதற்குள் அடிக்கடி தொற்று வந்து வந்து கிளைக்குழல்கள் நிரந்தரமாக விரிந்து தளர்ந்துவிடும். அந்த நிலைக்கு பிராங்கியெக்டாசிஸ் என்று பெயர், ஒருமுறை நன்றாக முற்றிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்புவது கடினம்.

சரி, சிலியா ஒழுங்காக அடிக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பழைய வழி ஒன்று உண்டு, ரொம்ப எளிமையானது. மூக்குக்குள் ஒரு துளி சாக்கரின் வைத்துவிட்டு, தொண்டையில் இனிப்புத் தெரிய எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்ப்பது. நல்ல மூக்கில் பெரும்பாலும் இருபது நிமிடத்துக்குள் இனித்துவிடும். இதில் சிக்கல் என்னவென்றால், அதுவரை தும்மக் கூடாது, மூக்கை உறிஞ்சக் கூடாது, சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். மூன்று வயதுக் குழந்தையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அப்படியே உட்கார்ந்தாலும், சளி நகரவில்லை என்று தெரியுமே தவிர ஏன் நகரவில்லை என்று தெரியாது. மூக்கில் வேறு அழற்சி இருந்தாலும் நகராது.

அதனால் நேரடியாகச் சிலியாவையே எடுத்துப் பார்க்கிறார்கள். மெல்லிய ஒரு பிரஷ்ஷை மூக்குக்குள் விட்டு, பக்கச் சுவரில் மடிப்பாக இருக்கும் இடத்தில் லேசாகத் தேய்த்து எடுப்பார்கள். மயக்க மருந்து பொதுவாகத் தேவையில்லை, சில நொடி வேலை, கண்ணில் தண்ணீர் வரும், அவ்வளவுதான். நுரையீரலில் கோளாறு என்றால் மூக்கில் ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்கலாம். இரண்டு இடத்திலும் இருப்பது ஒரே கட்டமைப்புள்ள சிலியா, மரபணு ஒன்றுதானே, அதனால் கைக்கு எட்டும் இடத்தில் எடுத்துக்கொள்கிறார்கள்.

பிரஷ்ஷில் வந்த செல்களைச் செல் வளர்க்கப் பயன்படும் ஊட்டத் திரவத்தில் உதறினால் சின்னச் சின்னப் பட்டைகளாக மிதக்கும். உடம்பை விட்டு வெளியே வந்த பிறகும் அவற்றின் சிலியா அடித்துக்கொண்டே இருக்கும். முதல் தடவை இந்த வீடியோவைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் புல்லரித்தது. வெட்டி எடுத்த துண்டு ஒன்று தன் வேலையை நிறுத்தாமல் செய்துகொண்டிருக்கிறது, யாருக்காகச் செய்கிறோம் என்றே தெரியாமல். அதை மைக்ரோஸ்கோப்பின் கீழ், உடல் வெப்பமான 37 டிகிரி செல்சியஸில் வைத்து, அதிவேகக் கேமராவில் பிடிப்பார்கள். வெப்பம் முக்கியம். குளிர்ந்தால் சிலியா சோம்பேறியாகிவிடும், அறை வெப்பத்தில் எடுத்த எண்ணையும் 37 டிகிரியில் எடுத்த எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே கூடாது.

அதிவேகக் கேமரா எதற்கு? சாதாரண வீடியோ நொடிக்கு 30 படம் எடுக்கும். சிலியா நொடிக்கு 12 முறை அடித்தால் ஒரு அடிக்கு இரண்டரைப் படம்தான் கிடைக்கும். இரண்டரைப் படத்தை வைத்துக்கொண்டு அது வளைந்ததா, விறைப்பாகப் போனதா என்று யாராலும் சொல்ல முடியாது. இதைவிட மோசமான ஒன்றும் நடக்கும். சினிமாவில் வேகமாக ஓடும் வண்டியின் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவது மாதிரித் தெரியுமே, அதே மாயம். நொடிக்கு 18 முறை அடிக்கும் சிலியாவை 30 படக் கேமராவில் எடுத்தால் அது 12 முறை அடிப்பது போலத் தெரியும். கணக்கு சுலபம், முப்பதில் பதினெட்டு போனால் பன்னிரண்டு. தாறுமாறாகப் படபடக்கிற சிலியாவுக்கு 'நார்மல்' என்று சான்றிதழ் கொடுத்து அனுப்பியிருப்போம். ஒரு அசைவை எண்ண வேண்டுமானால் அதன் வேகத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் படம் எடுக்க வேண்டும், அதன் வடிவத்தையும் பார்க்க வேண்டுமானால் அதைவிடப் பல மடங்கு. அதனால்தான் பல ஆய்வகங்களில் நொடிக்கு 500 படம் வரை எடுக்கிறார்கள்.

அப்புறம் எண்ணுவது குழந்தை விளையாட்டு. 500 படக் கேமராவில் ஒரு சிலியா ஐந்து முறை அடித்து முடிக்க 200 படம் ஆனது என்று வைத்துக்கொள்வோம். 200 படம் என்றால் 0.4 நொடி. 0.4 நொடியில் ஐந்து அடி, ஆக நொடிக்கு 12.5 அடி, அதாவது 12.5 ஹெர்ட்ஸ். அதே வீடியோவை நொடிக்கு 30 படமாக மெதுவாக ஓட்டினால் ஒரு அடி முடிய ஒன்றேகால் நொடிக்கு மேல் ஆகும், கண்ணாலேயே நிதானமாகப் பார்க்கலாம். கணினியிடம் கொடுத்தால் இன்னும் சுலபம். சிலியா ஒரு புள்ளியைக் கடக்கும்போதெல்லாம் அந்தப் பிக்சலின் வெளிச்சம் ஏறி இறங்கும், அந்த ஏற்ற இறக்கத்தில் எந்த அதிர்வெண் ஓங்கி நிற்கிறது என்று ஃபூரியே கணக்கு சொல்லிவிடும். கேமரா வசதி வருவதற்கு முன்னால் ஒளியுணரி ஒன்றை வைத்து இதே வெளிச்ச மாற்றத்தை மட்டும் அளந்துகொண்டிருந்தார்கள். எண் கிடைக்கும். அசைவு எப்படி இருந்தது என்பது கிடைக்காது.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாந்தார்கள். எண் சரியாக இருந்தால் சிலியா சரியாக இருக்கிறது என்று தோன்றும். நாடித்துடிப்பு பார்த்துப் பழகிய நமக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் 12 ஹெர்ட்ஸில் அடிக்கும் சிலியா கோழையைத் தள்ளாமலேயே இருக்கலாம், துடுப்பைத் தண்ணீரில் படாமல் வேகவேகமாக ஆட்டுகிறவனுடைய படகு மாதிரி. ஐரோப்பிய சுவாச மருத்துவச் சங்கம் 2017இல் வெளியிட்ட பி.சி.டி. வழிகாட்டுதலும், அசைவின் வடிவத்தைப் பார்க்காமல் அதிர்வெண்ணை மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாது என்றுதான் சொல்கிறது.

வடிவம் ஏன் இவ்வளவு பேசுகிறது என்று புரிய, ஒரு சிலியாவைக் குறுக்கே வெட்டிப் பார்க்க வேண்டும். எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் வட்டமாக ஒன்பது ஜோடி நுண்குழல்கள், நடுவில் இரண்டு தனிக் குழல்கள். ஒன்பதுக்கு இரண்டு என்று இதை அழைப்பார்கள். ஒவ்வொரு வெளி ஜோடியிலிருந்தும் டைனீன் என்ற புரதம் கை மாதிரி இரண்டு வரிசையாக நீண்டிருக்கும், வெளிக்கை ஒன்று, உள்கை ஒன்று. இந்தக் கைகள் ஏ.டி.பி. என்ற எரிபொருளை எரித்துப் பக்கத்து ஜோடியைப் பிடித்து வழுக்க வைக்கும். அடியில் எல்லாம் சேர்த்துக் கட்டியிருப்பதால் வழுக்கல் வளைவாக மாறுகிறது. வெளிக்கை முக்கியமாக வேகத்தைக் கொடுக்கிறது, உள்கை வளைவின் வடிவத்தைக் கொடுக்கிறது, நடுக் குழல்களும் அவற்றை நோக்கி நீளும் ஆரக்கால்களும் எந்தத் திசையில் எப்போது என்று கட்டுப்படுத்துகின்றன. கொஞ்சம் எளிமைப்படுத்தித்தான் சொல்கிறேன், ஆனால் இவ்வளவு போதும்.

எந்தப் பாகம் இல்லையோ அதற்கேற்ற தள்ளாட்டம் வீடியோவில் தெரியும். வெளிக்கை இல்லாவிட்டால் பெரும்பாலான சிலியா அசையாமல் நிற்கும், அங்கங்கே ஒன்றிரண்டு லேசாகத் துடிக்கும். இரண்டு கையும் இல்லையென்றால் கிட்டத்தட்டச் சிலைதான். உள்கையோடு குழல்களின் அடுக்கும் குலைந்திருந்தால் விறைத்துப்போய் சின்ன வீச்சில் ஆடும். நடுக் குழல்களில் கோளாறு என்றால் இன்னும் விசித்திரம், பக்கத்திலிருந்து பார்த்தால் ஏறக்குறைய நன்றாக அடிப்பது போலவே இருக்கும், மேலிருந்து பார்த்தால்தான் முன்னும் பின்னும் போகாமல் வட்டமாகச் சுற்றுவது தெரியும். அதனால் அனுபவமுள்ள ஆய்வகங்கள் பக்கவாட்டு, நேர் எதிர், மேலிருந்து என்று மூன்று கோணத்திலும் பிடிப்பார்கள். டி.என்.ஏ.எச்.11 என்ற மரபணுவில் கோளாறு உள்ளவர்களின் சிலியா இன்னொரு ரகம். எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் எல்லாப் பாகமும் ஒழுங்காகத் தெரியும், அதிர்வெண்ணும் குறையாது, சிலருக்கு வழக்கத்தைவிட அதிகமாகவே இருக்கும். வளைவு மட்டும் போதாது. எண்ணை மட்டும் பார்க்கிறவர் இவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

நோயின் பெயரே இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டுதான் மாறியது. 1933இல் சூரிச்சைச் சேர்ந்த மானஸ் கார்டகேனர் என்ற மருத்துவர், நாள்பட்ட சைனஸ் தொந்தரவு, விரிந்த மூச்சுக்கிளைகள், உள்ளுறுப்புகள் இடம்வலம் மாறி இருப்பது, மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவதை விவரித்தார். இதயம் வலப்பக்கம் இருப்பதற்கும் மூக்கடைப்புக்கும் என்ன சம்பந்தம் என்பது பல பத்தாண்டுகள் புதிராகவே கிடந்தது. 1976இல் சுவீடனின் பியோர்ன் அஃப்செலியஸ், இப்படிப்பட்டவர்களின் சிலியாவிலும் விந்தணு வாலிலும் டைனீன் கைகள் இல்லை என்று காட்டினார். விந்தணு வாலும் இதே ஒன்பதுக்கு இரண்டு அமைப்புதான். அசையாத சிலியா நோய் என்று அப்போது பெயர் வந்தது. பிறகு பார்த்தால் பல நோயாளிகளின் சிலியா அசைகிறது, ஆனால் தப்பாக அசைகிறது. அதனால் அசைவின்மை என்ற சொல் போய், அசைவுக் கோளாறு என்று பொருள்படும் டிஸ்கைனீசியா வந்தது.

இதயம் வலப்பக்கம் போன கதைக்கும் இப்போது விடை உண்டு. கரு மிகச் சிறியதாக இருக்கும்போது அதில் ஒரு சின்னக் குழியில் உள்ள சிலியாக்கள் சுழன்று திரவத்தை இடப்பக்கமாக ஓட்டும், அந்த ஓட்டத்தை வைத்துத்தான் உடம்பு இடம் எது வலம் எது என்று தீர்மானிக்கிறது. அவை வேலை செய்யாவிட்டால் முடிவு நாணயம் சுண்டிப் போட்டது மாதிரிதான். அதனால் பி.சி.டி. உள்ளவர்களில் சுமார் பாதிப் பேருக்கு உறுப்புகள் மாறி இருக்கும், மீதிப் பாதிக்கு மாறாது. எனக்குப் பிடித்த துணுக்கு இது: கருவின் அந்தச் சிலியாவில் நடுக் குழல்களே கிடையாது. எனவே நடுக் குழலில் கோளாறு உள்ள பி.சி.டி.காரர்களுக்கு இதயம் எப்போதும் இடப்பக்கம்தான். எக்ஸ்ரேயில் இதயம் சரியான இடத்தில் இருக்கிறதே என்று சந்தேகத்தை விட்டுவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

வீடியோவில் சிலியா மோசமாக அடித்தால் உடனே பி.சி.டி. என்று சொல்லிவிடலாமா? முடியாது. வைரஸ் காய்ச்சல் வந்து போன மூக்கில் சிலியா உதிர்ந்தும் ஒழுங்கு குலைந்தும் கிடக்கும், கக்குவான் இருமல் கிருமியின் நச்சு சிலியா உள்ள செல்களையே கொன்றுவிடும், புகைப்பிடிப்பவர்களுக்குச் சிலியா குட்டையாகும். பிரஷ் கொஞ்சம் முரட்டுத்தனமாகப் பட்டாலே பட்டையின் ஓரச் செல்கள் அடிபட்டு வேறு மாதிரி ஆடும். ஆஸ்துமா இன்ஹேலரில் வரும் சால்புடமால் மாதிரி மருந்து அடியின் வேகத்தைக் கூட்டும். இதையெல்லாம் இரண்டாம்நிலைக் கோளாறு என்பார்கள், காரணம் போனால் தானும் போய்விடும். அதனால்தான் கடைசியாகச் சளிக் காய்ச்சல் வந்து நான்கு முதல் ஆறு வாரமாவது கழித்து வரச் சொல்வார்கள், ஒரு மாதிரியில் கோளாறு தெரிந்தால் இன்னொரு நாள் மறுபடி எடுப்பார்கள். மாதக்கணக்கில் சளி நிற்காத குழந்தைக்கு, சளி இல்லாத நேரம் பார்த்து வா என்றால் பெற்றோருக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். நியாயமான எரிச்சல்.

சந்தேகம் தீராத இடத்தில் ஒரு அழகான வழி இருக்கிறது. எடுத்த செல்களை ஆய்வகத்தில் ஒரு மெல்லிய சவ்வின் மேல் வளர்ப்பார்கள், கீழே ஊட்டத் திரவம், மேலே வெறும் காற்று. மூச்சுப்பாதையில் இருப்பது மாதிரியே. சில வாரங்களில் செல்கள் பழைய சிலியாவை இழந்து, பெருகி, புதிதாகச் சிலியா முளைக்கும். இந்தப் புதுச் சிலியாவுக்குத் தொற்று, புகை, மருந்து எதுவும் தெரியாது. நன்றாக அடித்தால் முன்பு பார்த்தது மூக்கின் அப்போதைய நிலைமை. அதே விறைப்போடு, அதே வட்டத்தோடு திரும்ப வந்தால் கோளாறு மரபணுவில் இருக்கிறது.

இதை மட்டும் வைத்து எந்த மருத்துவரும் தீர்ப்பு எழுதுவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூக்கிலிருந்து வரும் காற்றில் நைட்ரிக் ஆக்சைடு அளவை அளப்பார்கள், பி.சி.டி. உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அது மிகக் குறைவாக இருக்கும், ஏன் என்பது இன்னும் முழுதாக விளங்கவில்லை. எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப், மரபணுப் பரிசோதனை இரண்டும் உண்டு. 50க்கும் மேற்பட்ட மரபணுக்கள் இதோடு தொடர்புள்ளவை என்று தெரிந்திருக்கிறது, இருந்தும் எல்லா நோயாளிக்கும் அதில் பதில் கிடைப்பதில்லை. வீடியோவுக்கு உள்ள பெரிய வசதி, மாதிரி எடுத்த அன்றே ஒரு ஆரம்ப அபிப்பிராயம் சொல்ல முடியும். பெரிய குறை, அது பார்க்கிறவரின் கண்ணையும் பழக்கத்தையும் நம்பி இருக்கிறது. அமெரிக்க மார்பு மருத்துவச் சங்கத்தின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இந்த முறையின்மேல் ஐரோப்பியர்கள் அளவுக்கு நம்பிக்கை வைக்காததற்கு ஆய்வகத்துக்கு ஆய்வகம் முறை வேறுபடுவது ஒரு காரணம். வளைவின் கோணத்தையும் வீச்சையும் கணினியே அளந்து சொல்லும் மென்பொருள்கள் வந்துகொண்டிருக்கின்றன. அவை கண்ணுக்கு உதவியாக இருக்கும், ஆனால் ரத்தமும் கோழையும் கலந்த மோசமான மாதிரியைக் கொடுத்தால் மென்பொருளும் மோசமான பதிலைத்தான் கொடுக்கும்.

நோய் உறுதியானால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு: சிலியாவை நேராக்கும் மருந்து இன்று கிடையாது. ஆனால் சிலியா செய்யாத வேலையை நாம் செய்யலாம், தினமும் மூச்சுப் பயிற்சி, பிசியோதெரபி, ஓட்டம் விளையாட்டு என்று கோழையை வெளியேற்றுவது. தொற்று வந்தவுடன் தயங்காமல் ஆன்டிபயாடிக், நேரத்துக்குத் தடுப்பூசி, காது கேட்கிறதா என்று அவ்வப்போது சோதனை. ஆஸ்துமா என்று வருடக்கணக்கில் இன்ஹேலர் மட்டும் போட்டுக்கொண்டிருந்த குழந்தைக்கு இது முற்றிலும் வேறு திட்டம். 'இருமாதே' என்று அதட்டுவதும் நின்றுவிடும், ஏனென்றால் அந்தக் குழந்தையிடம் கோழையை வெளியே தள்ள மிச்சமிருப்பது அந்த இருமல்தான்.